மௌனத்துக்கு ஒரு சான்றிதழ்

இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்பது இந்த நாட்டு அலுவலக விதி. ஜனவரிக் குளிரில், லா சப்பல் கடைத்தெருவில், ஈழத்து மளிகைக் கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்கிறேன். ஸ்தேன் என்ற புறநகரில் அவருடைய வாடகை வீட்டில், அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பு இருக்கிறது. அதை மூட்ட நகரசபையிடம் அனுமதி கேட்டு மூன்று மாதமாகிறது. கைக்குழந்தை குல்லாயும் கையுறையுமாகத் தூங்குகிறது.

"அப்படியானால் மூட்ட வேண்டியதுதானே, தம்பி?" என்கிறேன்.

"ஓம் ஐயா, நானும் அதைத்தான் கேட்டனான். தாங்கள் பதில் போடேல்லை எண்டு அவையளே எழுதித் தரவேணுமாம். அந்தக் கடிதம் இல்லாட்டில் தீப்பிடிச்சால் காசு தாற காப்புறுதிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டினம்."

ஊரில் முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்த எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு இது தோன்றவே இல்லை. அந்தக் கடிதம் கேட்கும் விண்ணப்பத்தை அரிசி மூட்டைமேல் வைத்து நானே எழுதித் தருகிறேன்.

பதில் வந்து சேர்ந்த தேதி, ஜூலை பதினெட்டு.