மூடி அக்கா வாங்கிய தொலைநோக்கி

மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்த காலம் முழுக்க அவளுக்குப் பெயர் மூடி அக்கா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அண்டாவோ கிண்ணமோ, ஒரு பாத்திரம் திறந்து கிடந்தால் போதும். "இதோட மூடி எங்கே?" என்று அவள் போடும் சத்தத்தில் மேல்மாடி நோயாளிகூட எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அவள் அதையெல்லாம் சட்டை செய்யமாட்டாள். "திறந்து வச்சா ஈ மட்டுமா விழும்? ஊர்ல உள்ளதெல்லாம் விழும்" என்பாள். நோயாளி வாயில் போகிற சாப்பாட்டில் விளையாட்டு கூடாது என்பது அவள் கட்சி.

ஓய்வு பெறுகிற வாரத்தில் எல்லாரும் சேர்ந்து, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்கள். சுவர்க்கடிகாரம் கேட்பாள், மிஞ்சிப்போனால் மிக்ஸி கேட்பாள் என்று நினைத்திருந்தார்கள். அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "டெலஸ்கோப்" என்றாள்.

"நெசமாவா?"

"பின்னே, பொய்யாவா கேப்பாங்க?"

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கீழ்த்தளத்தில் அண்ணனும் அண்ணியும், மேல்தளத்தில் இவள் ஒண்டிக்கட்டையாக. மேலே போகிற எந்தப் பெட்டியும் அண்ணியைத் தாண்டாமல் போக முடியாது.

"இதை வச்சு எதைப் பாக்கப் போறே?"

"சனியைப் பாக்கணும் அண்ணி."

"காசு கொடுத்துச் சனியனை வாங்குறதுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். இப்பதான் கண்ணால பாக்குறேன்."

அண்ணிக்கு வாய் மட்டும்தான் அப்படி. பெட்டியின் ஒரு முனையை அவளேதான் பிடித்து மாடியேற்றினாள். சனியை ஏன் பார்க்க வேண்டும் என்பதை மூடி அக்கா அவளிடம் சொல்லவில்லை.

அண்ணன் தையல்காரர். அப்பாவும் தையல்காரர்தான். மீசை அரும்பாத வயதில் அண்ணன், துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, உள்ளே ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக்கி, ஒரு முனையில் அப்பாவின் பழைய கண்ணாடியில் இருந்து கழற்றிய வில்லையையும், மறுமுனையில் பக்கத்துக் கடை கடிகார ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியையும் பொருத்தினார். நிலா தெரிந்தது. தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். வரிசையில் முதல் ஆள் தங்கச்சி. அப்போது அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. ஒன்றை மூடினால் இன்னொன்றும் கூடவே மூடிக்கொள்ளும். பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற வெட்கத்தில் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு, "தெரியுதுண்ணா! வட்டமா, வெள்ளையா தெரியுது!" என்றாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதெல்லாம் ஒண்ணுமில்ல குட்டி. பெரியவனானதும் நெசமான டெலஸ்கோப் வாங்கி, சனியோட வளையத்தையே உனக்குக் காட்டுறேன்" என்றார்.

பெரியவரானார். அப்பா படுத்த படுக்கையானதும் மிஷினில் உட்கார்ந்தார். தங்கச்சியின் படிப்பு, வீட்டுச் செலவு என்று எல்லாம் அந்த மிஷின் சக்கரத்தோடு சுற்றியது. வளையத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. அவள் மட்டும் மறக்கவில்லை. இப்போது அண்ணனுக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. ஓரப் பார்வை போய்விட்டது. நேர் எதிரே கொஞ்சம்தான் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "நான் எப்பவும் டெலஸ்கோப்லதானே பாக்குறேன்" என்று அண்ணன் சிரிப்பார். அந்த மிச்சம் போவதற்குள் வளையத்தைக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் தொலைநோக்கி லேசில் மசியவில்லை. முதல் நாள் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நட்சத்திரமெல்லாம் கரைந்த சோப்பு போலக் கிடந்தது. மறுநாள் மாடிக்குத் தூக்கிப்போய், பெட்டியில் இருந்ததிலேயே மிகப் பெரிதாக்கிக் காட்டும் வில்லையைப் போட்டுப் பார்த்தாள். இருட்டைத்தான் பெரிதாக்கிக் காட்டியது. அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அம்மா, எடுத்த எடுப்பில பெருசாக்கக் கூடாது. கம்மியில ஆரம்பிங்க. பக்கத்துல ஒட்டியிருக்கே சின்னக் குழல், அதுதான் வழிகாட்டி. பகல்ல தூரத்துல ஏதாவது கட்டடத்தைப் பெரிய குழல்ல பாருங்க. அதே இடம் சின்னக் குழலோட குறுக்குக் கோட்டுல விழுற மாதிரி திருகாணியைத் திருப்புங்க. சூரியன் பக்கம் மட்டும் தப்பித்தவறியும் திருப்பிடாதீங்க, கண்ணு போயிடும்."

தூரத்தில் எதைப் பார்ப்பது? மருத்துவமனைச் சமையலறையின் புகைபோக்கியைத்தான் பிடித்தாள். தலைகீழாக நின்றது. புகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் அந்தப் புகைக்கு அடியில் நின்றிருக்கிறாள்! இப்போது யாரோ அங்கே அண்டா இறக்குவார்கள், யாரோ மூடியைத் தேடுவார்கள். திருகாணியைத் திருப்பவும் மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வசப்பட்டது. நிலாவைப் பிடித்தாள். பிடித்தது ஒரு நிமிஷம் நிற்காது, மெல்ல நகர்ந்து ஓரத்தில் போய் மறைந்துவிடும். பூமி சுற்றுகிறதாம். பால் பொங்குமுன் இறக்குவது போல, ஓடுமுன் குழாயை நகர்த்தக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் பொழுது சாய்ந்து இருட்டிய கையோடு, கிழக்கே மினுக்காமல் நின்ற மஞ்சள் புள்ளியைக் குறுக்குக் கோட்டில் நிறுத்திக் கண்ணை வைத்தாள். வளையம்! ஊசிமுனை அளவுதான், ஆனால் அச்சு அசலாக வளையம். "ஐயோ அண்ணா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். குழாய்க்கு முன்னும் பின்னும் மூடியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

அண்ணனைக் கைப்பிடித்துப் படிப்படியாக ஏற்றிக் கொண்டுவந்தாள். பின்மூடியைக் கழற்றி, சின்னக் குழலில் சனியை மறுபடி பிடித்து, அவரை முக்காலியில் உட்காரவைத்தாள். அண்ணன் கண்ணை வைத்தார். முட்டியின் மேல் இருந்த அவர் விரல்கள் துணியை நீவுவது போல வேட்டியை நீவின.

"தெரியுதாண்ணா?"

"தெரியுது, தெரியுது. வட்டமா, மோதிரம் மாட்டின மாதிரி. ரொம்ப நல்லாத் தெரியுது குட்டி." எழுந்துவிட்டார். "போதும்மா. இறங்கலாமா?"

அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. மூட்டை கட்டுமுன் ஒரு தடவை பார்ப்போமே என்று குனிந்தாள். கும்மிருட்டு. ஓடிப்போய்விட்டதோ என்று குழாயைத் தடவிக்கொண்டே போனாள். முன்முனையில் மூடி இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டே படிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் பொய் வெளிப்படும். சொல்லாவிட்டால்?

"அண்ணா, மூடி போட்டிருந்துச்சு."

"என்னது?"

"முன்னாடி மூடியைக் கழட்டலண்ணா. யாரு பாத்தாலும் ஒண்ணும் தெரியாது."

அண்ணன் அப்படியே தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. "மூடியா? வெறும் மூடியா? மிச்சமிருந்ததும் போயிடுச்சுன்னு நினைச்சேன்டி குட்டி."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்புறம் எதுக்குத் தெரியுதுன்னு சொன்னே?"

"நீ மட்டும் என்னவாம்? ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு வட்டமா, வெள்ளையான்னு சொல்லலியா?"

"உனக்குத் தெரியுமா?"

"உன் முகத்துக்குப் பக்கத்துலதானே நின்னேன். அத்தனை பேரு முன்னாடி என் மானத்தைக் காப்பாத்தினியே, அதை எப்படிக் கேப்பேன்?"

சனியை மறுபடி பிடித்து அவரை உட்காரவைத்தாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் எதுவும் சொல்லவில்லை. தெரியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

திடீரென்று அண்ணன் அவள் கையை எட்டிப் பிடித்தார்.

"குட்டி, போகுதுடி! ஓரத்துக்குப் போகுது... வளையத்தோட போகுது! புடி, புடி!"

பார்க்காதவருக்கு அது ஓடுவது எப்படித் தெரியும்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது மறைவதற்குள் குழாயை நகர்த்தினாள்.