காகத்துக்குப் பதிலாகச் சீனித் தண்ணீர்

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் காகம் சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவார். அந்த வழக்கத்தைக் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கும் கொண்டுவந்திருந்தார். எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில், எள் கலந்த சோற்றைக் கடதாசித் தட்டில் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிடுவார். காகம் வராது. அணில்தான் வரும். சனீஸ்வரன் வாகனத்தை மாற்றிவிட்டார் போல என்று நான் பகிடி விடுவேன். பசியோடு நிற்பவரிடம் விடக்கூடிய பகிடி அல்ல அது. இப்போது அந்தக் குரலை ஒருமுறை கேட்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

தொண்ணூற்றைந்தாம் வருட விரதம் என் தம்பிக்காக. அவன் மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் இருந்தான். சண்டை ஒருபக்கம், ஏழரைச் சனி ஒருபக்கம்.

முன்பு குடியிருந்தவர்கள் வேலியில் குருவிகள் குடிக்கத் துளைகள் வைத்த ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் போத்தலைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரி, ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து அதில் ஊற்றக் காட்டித் தந்தார். இரண்டு நாளில் கட்டைவிரல் அளவில் ஒரு ஹம்மிங்பேர்ட் வந்து, காற்றில் நின்றபடியே குடித்தது. அம்மா அதைத் தேன்சிட்டு என்றார். அடுத்த சனி, அது குடிப்பதைப் பார்த்ததும் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார். காகத்துக்கு விடுமுறை.

ஆனால் முறை தவற மனம் வரவில்லை. சீனித் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை எள் போட்டார். துளைகள் அடைபட்டுக் குருவி அரைநாள் பட்டினி. நான் ஊசியால் குத்திக் குத்தி எள்ளை எடுத்தேன். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

குளிருக்கு முன் தெற்கே போய்விடவேண்டிய குருவி, புரட்டாதி முடிந்தும் போகவில்லை. ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளியேறியது. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதான். தண்ணீர் உறைந்துவிடாமல் இரண்டு போத்தல்களை மாற்றி மாற்றித் தொங்கவிட்டார். குருவி குடித்த பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி. அது இருக்கும்வரை தம்பியும் இருக்கிறான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது விளங்கியது. பயமாக இருந்தது.

முதல் பனி கொட்டிய காலை, வேலைக்குப் புறப்படும்போது பார்த்தேன். குருவி போத்தலில் தலைகீழாகத் தொங்கியது. தொட்டால் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. கடதாசியில் சுற்றி ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தேன். வேலையிடத்தில் எங்காவது புதைத்துவிட்டு, தெற்கே பறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அதற்குள் அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குசினியில் நின்று குடிக்கையில் பொக்கற் துடித்தது. குளிரில் அவை செத்ததுபோலக் கிடக்கும் என்று பிறகுதான் அன்ரி சொன்னார். குருவி வெளியே வந்து யன்னலில் மோதி, அம்மா திறந்துவிட்ட கதவால் பறந்தது.

அம்மா குருவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செத்துப்போச்செண்டு ஒளிச்சுக்கொண்டு போகப் பாத்தனி, என்ன?"

நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தம்பியின்ரை செய்தியையும் இப்பிடித்தான் ஒளிப்பியோ, மோனை? எதெண்டாலும் எனக்குச் சொல்லிப்போடு."

"ஓம் அம்மா, சொல்லுவன்."

அன்று மத்தியானத்துக்குப் பிறகு குருவி வரவில்லை. எங்கே போனதோ தெரியாது. அம்மா போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மார்கழியில், கொழும்பிலிருந்து ஒரு உறவினர் என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தம்பியின் மனைவி பிள்ளைகள் தப்பி வந்துவிட்டார்கள் என்றார். மற்றதை அம்மாவுக்கு இப்போது சொல்லவேண்டாம், ஆறுதலாகச் சொல்லலாம் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கும் அதே யோசனைதான்.

அம்மா கதவைத் திறந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி இல்லையம்மா" என்றேன்.