தலையில் வைத்த ஆக்சிஜன்

எங்கள் அண்ணி நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கிளம்பினாள். நானும் அவளும் சேர்ந்து நடத்துவது பெண்களுக்கான முடி அலங்காரக் கடை. கத்தரி அவள் கையில், வாய் என் கையில் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு. அதில் வந்து விழுந்தது இந்தப் படிப்பு.

காரணம் என் அண்ணன்தான். ரத்தத்தில் சோடியம் குறைந்துபோய் ஒரு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டான், பாவி. அண்ணி பதறிப்போய் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி விளக்கம் கேட்டாள். "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா" என்று அங்கே பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் தேறி வந்துவிட்டான். அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. பரிசோதனைக்கூட உதவியாளர் படிப்பு மாலையில் நடக்கிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உயிரியல் என்றால் இதயம், இலை, தவளை என்று நினைத்துப் போனவளுக்கு முதல் பாடமே அணு. நடுவில் அணுக்கரு, அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும், வெளியே கூடு கூடாக எலக்ட்ரான். அதற்கப்புறம் பிணைப்புகள். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், மண்டையில் ஏறவில்லை. முதல் தேர்வில் கோட்டை விட்டாள். மறுபடி ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு, அதிலும் தவறினால் இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"விடுங்க அண்ணி. அணு இல்லாமலா இத்தனை வருஷம் முடி வெட்டினோம்?" என்றேன்.

"வாயை மூடுடி. அந்த இடத்தை மட்டும் நான் விடமாட்டேன்."

தேர்வுக்கு முதல் நாள், மருந்து போட்டு முடியைச் சுருட்டிக்கொள்ள வங்கி மேலாளர் அம்மா வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். நான் கண்ணாடி துடைத்துவிட்டுத் திரும்பினால் அவர் உச்சந்தலையில் முடி சுற்றுகிற ஒரு நீல ரோலர், அதை ஒட்டி இரண்டு சிவப்பு, கொஞ்சம் தள்ளி வட்டமாக ஆறு மஞ்சள்.

"என்ன அண்ணி இது கூத்து?"

"ஆக்சிஜன். நடுவுல நீலம் கரு. உள்கூட்டுல ரெண்டு எலக்ட்ரான், வெளிக்கூட்டுல ஆறு. வெளிக்கூடு எட்டு ஆகணும், ரெண்டு குறையுது. அதனால ரெண்டு ஹைட்ரஜனைக் கூப்பிட்டு எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்குது. அதாண்டி தண்ணி!"

"என் தலையிலயா பாடம் நடக்குது?" என்று அந்த அம்மா சிரித்தார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்து உப்பாகிற கதையைச் சொல்லிக்கொண்டே அண்ணி ரோலர்களை உருவி முடியை அலசிவிட்டாள். முடி துவண்டு தொங்கியது, ஒரு சுருளைக்கூடக் காணோம். சுருளை நிலைக்க வைக்கிற இரண்டாவது மருந்தைப் போடவே மறந்திருக்கிறாள்! அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், "படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், கடையை மூடிட்டுப் போயிடலாம்" என்று கத்திவிட்டேன்.

அண்ணி ஈர முடியைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

"முதல் மருந்து பிரிச்சிருச்சு. முடிக்குள்ள கந்தகமும் கந்தகமும் பங்கு போட்டுப் பிடிச்சிட்டிருந்த பிடியை விட்டிருச்சு. ரெண்டாவது மருந்துதான் புது இடத்துல திரும்பச் சேர்க்கும். நான் சேர்க்காமலே விட்டுட்டேன்" என்றாள் மெதுவாக. பிறகு ஒரே பரபரப்பு. "சீக்கிரம் ரோலரைக் கொண்டா!"

மறுபடி சுற்றினோம், இரண்டாவது மருந்தைப் போட்டோம். சுருள் வந்தது, கடவுளே என்று மூச்சு விட்டேன். "அடுத்த தடவை பரீட்சை முடிஞ்சப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

மறுநாள் நானும் கூடப் போனேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது கேட்டது. சோடியத்தைக் கேட்டார்கள், சொன்னாள். சகப்பிணைப்புக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் வித்தியாசம் கேட்டார்கள். "அது வந்து... அது வந்து..." என்று இழுத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"மேடம், கடையில பேசுற மாதிரி சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க."

"முடியை நனைச்சு, சுத்தி, காய வெச்சா சுருளும். மறுபடி நனைச்சா போயிடும். அது ஹைட்ரஜன் பிணைப்பு, அதை விடுவிக்கத் தண்ணியே போதும். மருந்து போட்டுச் சுருட்டினா எத்தனை தடவை குளிச்சாலும் போகாது. அது கந்தகம் ரெண்டும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிற சகப்பிணைப்பு. தண்ணி அதை அசைக்காது."

"அப்போ பலமில்லாத ஹைட்ரஜன் பிணைப்பால பிரயோஜனம் இல்லையா?"

"தனித்தனியா பார்த்தா பலமில்லைதான் மேடம். ஆனா ஆயிரக்கணக்குல சேர்ந்து ஒரு நாள் முழுக்க முடியை நிறுத்துதே! சட்டுனு விட்டு சட்டுனு பிடிக்கிறதும் உடம்புக்கு வேணும்தானே?"

"வேணும். அதைத்தான் டிஎன்ஏ பாடத்துல படிக்கப் போறோம். வகுப்பு ஆரம்பிக்குது, போய் உட்காருங்க."

அண்ணி வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராக வகுப்புக்குள் போய்விட்டாள். நான் பெஞ்சிலேயே அழுதேன். பாதி சந்தோஷம். மீதி, இவள் ஒருநாள் அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கே போய்விடுவாளே, நான் தனியாக என்ன செய்வேன் என்கிற பயம்.

கடைக்குத் திரும்பினால் ஒரு பெண் காத்திருந்தாள்.

"உங்க அண்ணி இல்லையா?"

"காலேஜுக்குப் போயிருக்காங்க."

"இந்த வயசுலயா?"

"ஏன், படிச்சா ஆகாதா? தலையைக் குனிங்க."