நரி தொப்பி போட்ட படம்

மெல்டன் ஊர்த் துரைமார்களுக்கு நரிவேட்டை என்றால் பித்து. அவர்கள் குதிரையிலிருந்து விழுவதைப் பார்ப்பதில் மற்றவர்களுக்கு அதைவிடப் பித்து. அந்த இரண்டாவது பித்துக்குத் தீனி போட்டவள் ஹெஸ்டர் பிரிட்மோர். வேட்டை நாளில் ஒரு துண்டு சீஸைத் துணியில் முடிந்துகொண்டு ஓடைக்கரை வேலியோரம் போய் நிற்பாள். முக்கால்வாசிப் பேர் அங்கேதான் விழுவார்கள். பார்த்ததை வீட்டில் செப்புத் தகட்டில் கீறுவாள்.

அந்தத் தகட்டிலிருந்து அச்சாகி வரும் படத்தின் அடியில் மட்டும் 'வரைந்தவர்: சைலஸ் பிரிட்மோர்' என்றிருக்கும். சைலஸ் அவள் தம்பி, அச்சுக்கடைக்காரன். ஒன்பது வருஷம், நாற்பத்தோரு படம், அத்தனையிலும் அவன் பெயர். தன் பெயரை ஏன் போடவில்லை என்று ஒருமுறை அவள் வாய்விட்டே கேட்டாள்.

"பொம்பளை கேலி பண்ணினா எந்தத் துரைக்குச் சிரிப்பு வரும்க்கா?" என்றான் அவன்.

வெட்கங்கெட்டவன், விருந்துகளில் பாராட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

நாற்பத்திரண்டாவது படத்தில் சர் லாம்பர்ட் குரோயில் என்ற துரை ஓடைச் சேற்றில் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கிறார். கரையில் ஒரு நரி, அவருடைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவரை மேலும் கீழுமாகப் பார்க்கிறது. அது கடை ஜன்னலில் தொங்கிய அன்று தெருவில் வண்டி போக வழியில்லை.

மறுநாள் காலையில் சர் லாம்பர்ட்டே வந்துவிட்டார், கையில் குதிரைச் சவுக்கோடு. வேடிக்கை பார்க்க வேட்டைக்காரத் துரைகள் மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள்.

"எவன்டா இதை வரைஞ்சது? அடியில உன் பேருதானே இருக்கு?"

சைலஸ் இரண்டடி பின்வாங்கினான். "நானில்லீங்க துரை! எங்கக்காதான். எல்லாப் படமும் அக்கா வரைஞ்சதுதான். சத்தியமா எனக்கு ஒரு கழுதைகூட ஒழுங்கா வரைய வராதுங்க!"

உள்ளறையில் அந்தப் படத்தின் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லுடா. இந்த மூணு பேரும் நல்லாக் கேக்கட்டும்."

"அக்காதான்," என்றான் அவன், தரையைப் பார்த்து.

சவுக்கை என்ன செய்வதென்று சர் லாம்பர்ட்டுக்குத் தெரியவில்லை. "இப்பவே அழி! இல்லேன்னா உங்க படம் ஒண்ணுகூட இந்த ஊர்ல விக்காது."

"அழிச்சுடறேன் துரை."

தகட்டைப் பலகைமேல் வைத்து, சுரண்டும் கத்தியால் அழுத்தித் தேய்த்தாள். துரை குனிந்து பார்த்தார். தகட்டில் அவர் முகம் அப்படியே விழித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்த சைலஸின் பெயர்தான் காணாமல் போயிருந்தது.

"என் மூஞ்சிய அழிக்கச் சொன்னா என்ன பண்றே?"

"மூஞ்சி சரியாத்தான் துரை இருக்கு. தப்பா இருந்தது பேரு ஒண்ணுதான்."

பின்னால் நின்ற மூவரில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். ஹெஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியை எடுத்து, அச்சில் நேராக விழும்படி, வலமிருந்து இடமாகத் தன் பெயரைக் கீறத் தொடங்கினாள்.