தடைக்காலத்தில் எடுத்த படங்கள்

"ரெஜினா டாக்டரு பூட்டாங்களாமே, உனக்குச் சேதி வந்துச்சா?" என்று போனில் கேட்டவள், காசிமேட்டில் மீன் விற்கும் அஞ்சலை. மருத்துவமனைக்காரர்கள் எனக்குச் சொல்லும் முன்பே டாக்டர் இறந்த சேதி மீன் மார்க்கெட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தெரிந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. அவருடைய ஜனம் அங்கேதான் இருந்தது.

ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த மனநல மருத்துவர் அவர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கவனம் நிலைக்காமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் குழந்தைகளைப் பற்றி ஆய்வு நடத்தினார். ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அப்போது எங்கள் பக்கம் யாருக்குத் தெரியும்? வாலு, அடங்காப்பிடாரி, இவைதான் தெரியும். பெற்றோரையும் சேர்த்துச் சோதித்து, மூளையைப் படமெடுத்து, இது குடும்பத்துக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்பது அவர் நோக்கம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது என் வேலை.

அஞ்சலையின் மகள் கௌரி அப்போது நான்காம் வகுப்பு. பாடம் நடக்கும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். பள்ளியிலிருந்து புகார் வராத வாரமே கிடையாது. அப்பா தேசப்பன் விசைப்படகில் தங்கல் போகிறவர், நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர். "நீ வளத்த லட்சணம்" என்று அஞ்சலையை ஏசிவிட்டு, முழுப்பரீட்சை லீவோடு பெண்ணின் படிப்பை நிறுத்தி இறால் உரிக்கிற கொட்டகைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் மனிதர் மனம் மாறுவார் என்றுதான் அஞ்சலை எங்களிடம் வந்தாள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் காந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னதும் கதவருகே நின்றுவிட்டாள். "அவரு கடல்ல கீறாரு. நான் இத்தக் கயட்டுவேனா?" அதுவரை தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி எத்தனையோ பெண்களைச் சமாளித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "அதெல்லாம் கரைல கீறவன் பொண்டாட்டிக்குச் சொல்லு" என்று போயே போய்விட்டாள். அவளைப் பார்த்து, காசிமேட்டிலிருந்து வந்த மற்றப் பெண்களும் கிளம்பினார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆய்வுக்கென்று ஸ்கேன் நேரம் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு.

ரெஜினா டாக்டர் சிரித்தார். "ஏம்மா, அவ புருஷன் பத்திரமா வரணும்னு அவ நெனைக்கறா. நம்ம படம் பத்திரமா வரணும்னு நாம நெனைக்கறோம். யார் விட்டுக் குடுக்கணும்?" அதோடு நிற்கவில்லை. ஸ்கேன் நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி, மீனவக் குடும்பங்களின் முறையை எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மாற்றினார். சித்திரை வெயிலில் படகெல்லாம் கரையில் கிடக்கும். ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

அதில்தான் எங்கள் ஆய்வே திசை மாறியது. பெண்களுக்குத் துணையாக, பொழுது போகாத அப்பாக்களும் வந்தார்கள். அதுவரை குடும்பம் குடும்பம் என்று நாங்கள் சொன்னதெல்லாம் அம்மாவும் பிள்ளையும்தான்! தேசப்பன் எதிரிலேயே அஞ்சலை மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவரைக் கணினி முன் உட்கார வைத்தோம். எழுத்து வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், எக்ஸ் வந்தால் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதர் எக்ஸுக்கும் அழுத்தினார், வராததற்கும் அழுத்தினார், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து கௌரி அதே சோதனையில் நெளிவதைக் கண்ணாடி வழியே பார்த்தார். "நானும் இப்டித்தான் டாக்டரே. ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏத்தி ஏத்தி வுட்டாங்க. பேஜாராயி படிப்ப வுட்டு நின்னுட்டேன்."

பிறகு மகளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டார்: "இதுல கொயப்பம் எங்க கீது?" வேறு யாராவதாக இருந்தால் எதையாவது சுட்டிக் காட்டியிருப்பார்கள், குழந்தை படிப்பும் பிழைத்திருக்கும். ரெஜினா டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஒத்தப் படத்தப் பாத்து எவனாலயும் சொல்ல முடியாது நைனா. நெறையக் குடும்பத்த ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தான் எங்களுக்கே கொஞ்சம் புரியும். இத்தப் பாக்காத, உன் பொண்ணப் பாரு. குடும்பத்துல உயரம் வர்ற மாதிரி இதுவும் வரும். அஞ்சலையும் பண்ணல, நீயும் பண்ணல." தேசப்பன் படத்தைக் கீழே வைத்தார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு தேசப்பனே வந்தார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். தலைமையாசிரியை புகாரை ஆரம்பிக்கும் முன்பே சொன்னார்: "அது திமிரு இல்ல டீச்சர். எங்கிட்டேர்ந்து போனது. இன்னொருவாட்டி பெஞ்சு மேல ஏத்தணும்னா சொல்லி அனுப்புங்க, நான் வந்து நிக்கறேன்." வெளியே வந்ததும் ரெஜினா டாக்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கௌரி படித்து முடித்தாள். அந்த ஆய்வு எந்த இதழில் வந்தது, யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். என்னிடம் தங்கியிருப்பது ஒரு கேள்விதான். இன்றும் ஆலோசனைக்கு என்னிடம் பிள்ளையைக் குறை சொல்லிக்கொண்டு வரும் அப்பாவையோ அம்மாவையோ முதலில் உட்கார வைத்து, "சின்ன வயசுல நீங்க எப்படி?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அழுதுவிடுகிறார்கள். எப்படியானாலும், அழைத்து வந்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.