சிவப்பு மூடிப் போத்தல்

என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் சிவப்பு மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று இருக்கிறது. காசநோய்க்கு மருந்து குடித்த காலத்தில், சளி எடுத்துக் கொடுக்கத் தந்தவற்றில் மிஞ்சியது. அதைக் கண்டால் ஆராய்ச்சிக்கு வந்த தாதி, எங்கள் மிஸ்ஸியின் முகம் வந்துவிடும். மருந்து குடிக்கும் மாதங்களைக் குறைக்கலாமா என்று பல நாடுகளின் வைத்தியர்கள் சேர்ந்து ஆராய்ந்து பார்த்தார்கள். கிளிநொச்சியில் எங்களிடம் சளி வாங்கி ஐஸ் பெட்டியில் அனுப்புவது அவாவின் வேலை. “உங்கட சளி பிளேன் ஏறுது அம்மா, எனக்குத்தான் இன்னும் பாஸ்போட் இல்லை” என்று பகிடி விடுவா.

குறுக்கிய மருந்து முடிந்து கடைசிச் சளி கொடுக்கும் நாள் வந்தது. கிருமி இல்லையென்றால்தான் ஓமந்தையிலிருந்து மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு என்னிடம் வரலாம். அறை கழுவி, பத்தியத்துக்குச் சரக்கும் இடித்து வைத்திருந்தேன். நெஞ்சுக்குள் இன்னும் கரகரப்பது எனக்கு மட்டும் தெரியும். கிளினிக் முற்றத்தில் சளி எடுக்கப் போட்டிருந்த கொட்டிலுக்குப் பின்னால் போய் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பி, மூடியை இறுக்கிக் கொண்டுவந்து நீட்டினேன். மிஸ்ஸி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

“இது எச்சிலெல்லோ அம்மா. சளி எங்கை?”

“வரேல்லை மிஸ்ஸி.”

சொல்லும்போதே இருமல் தொண்டை வரை ஏறிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட நின்றேன். அவா ஏசவில்லை. “இதைப் பாத்துத்தானம்மா வைத்தியர்மார் இந்த மருந்தே காணும், இனி நீட்டத் தேவையில்லை எண்டு எழுதப் போயினம். பிறகு எங்கையோ ஒரு தாய் அதை நம்பி, நெஞ்சிலை கிருமியோடை பிள்ளையைத் தூக்குவா” என்றா. புதுப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, நான் கூச்சப்படுவேன் என்று மறுபக்கம் திரும்பி நின்றா. அந்தத் தாயின் கையில் என் மகளின் பிள்ளையே இருப்பதுபோலத் தோன்றியது. மருந்துக்கு வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, கொட்டிலில் நின்று அடிநெஞ்சிலிருந்து இருமினேன்.

கிருமி இருந்தது. மருந்து நீண்டது. மகளுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். “அப்ப எனக்கு ஆர் பக்கத்திலை?” என்று கேட்டாள். மாமியார் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள். இன்றும் அவளுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

போன கிழமை மிஸ்ஸி தொலைபேசி எடுத்தா. “உங்களைப் போலச் சிலருக்குக் குறுக்கின மருந்து காணாதாம். எழுதிப்போட்டினம் அம்மா.” பிள்ளையோடு வந்து பக்கத்திலிருந்த மகள், “என்னவாம்?” என்றாள். அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது வெறும் போத்தலெல்லோ அம்மா?”

“ஓம் பிள்ளை” என்று வாங்கி, மூடியை இன்னொருமுறை இறுக்கி வைத்தேன்.