மனாமாவில் நாங்கள் வெள்ளையடித்த கல்லறைகள்

புதுப் பெயிண்டின் காரமான வாசனை எங்கே வந்தாலும் எனக்கு மனாமாவின் யூதர் கல்லறைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் பஹ்ரைனில் பெயிண்டிங் ஃபோர்மேனாக இருந்த அப்பாவுக்கு, ஒரு நவம்பர் மாதம் அதன் சுற்றுச்சுவரை வெள்ளையடிக்கும் வேலை வந்தது. பள்ளி விடுமுறையென்பதால் பதினொரு வயதான நானும் அவரோடு கிளம்பிவிட்டேன். பாக்தாதிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்து தங்கிய குடும்பங்களின் இடம் அது. பெரும்பாலானோர் வேறு நாடுகளுக்குப் போய்விட, மிஞ்சியவர்களில் ஒரு வயதான அம்மா சாவியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவந்தார்.

நாங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, எங்கள் ஊரில் ஒரு கல்லறை வெள்ளையடிக்காமல் கிடந்தால் அந்த வீட்டுக்கே வெட்கக்கேடு. இங்கேயோ கற்கள் புழுதி படிந்து கறுத்திருந்தன. சுவர் முடிந்தபோது ஒரு வாளி பெயிண்ட் மிச்சமிருந்தது. "கேக்க ஆளில்லாத மாதிரி கெடக்கே அப்பா, இதையும் அடிச்சிருவோமா?" என்று கேட்டது நான்தான்; அந்தப் பழியை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "புண்ணியமாப் போவும் மக்களே" என்று அப்பாவும் பிரஷ்ஷை எடுத்தார்.

மறுநாள் காலை அந்த அம்மாவைப் பெருமையாக உள்ளே அழைத்துப்போனோம். பார்வை மங்கிய அவர், செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவித்தான் தன் தாயின் கல்லை அடையாளம் காண்பாராம். ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். எழுத்தெல்லாம் பெயிண்டில் அடைந்து போயிருந்தது. கடைசியில், பம்பாய் வியாபாரிகளிடம் பழகிய இந்தியில், கோபமே இல்லாமல் கேட்டார்: "பாய், இதில் என் அம்மா எது?"

அப்பா வெளிறிப்போனார். எனக்கு அவமானமாகப் போயிற்று.

வெந்நீர், பழைய டூத் பிரஷ், ஈர்க்குச்சி என்று கைக்குக் கிடைத்ததோடு வேலையை ஆரம்பித்தோம். அந்த அம்மா "யல்லா", ஆரம்பிக்கலாம் என்று எங்களோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலையில், நான் நோண்டி முடித்த ஒரு வரியின் மேல் அவர் விரல் நின்றது. "கலாஸ்", முடிந்தது என்று சொல்லிவிட்டு அழுதார். அப்பாவும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, மனசு கொள்ளாத சந்தோஷமாக இருந்தது. மீதிக் கற்களை அடுத்த இரண்டு நாட்களில் முடித்தோம்.

போன வருடம் மனாமாவுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அந்த அம்மா இன்று இல்லை, பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஊரில்தான் நிலைமை வேறு. இடம் போதாமல் பழைய குழிகளையே தோண்டிப் புதியவர்களை அடக்குகிறார்கள். அப்பா "லீவு" கிடைக்காமல் பஹ்ரைனில் கிடந்த வருடங்களில் அவருடைய அம்மாவின் கல்லும் போய்விட்டது. இப்போதும் ஒவ்வொரு நவம்பர் இரண்டுக்கும் அப்பா பெயிண்ட் வாளியோடு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். யாரும் வராத ஏதாவது ஒரு கல்லறையைப் பார்த்து, எழுத்தில் ஒரு சொட்டும் படாமல், வெள்ளையடித்துவிட்டு வருகிறார்.